மடிப்புக் கோடு

"விரல வெச்சுப் பாரு. அங்க இல்ல, நடுவுல. எதாவது தட்டுதா?"

"இன்னாடி தட்டணும்? வழவழன்னு கீது. எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் மேலகூட இவ்ளோ வழவழப்பு கெடையாது."

"மெதுவா இழு. நகம் படக் கூடாது. விரல் நுனி மட்டும்."

"கல்லுக்கு நாடி பாக்கச் சொல்றியே, கண்மணி." ஃப்ளோரா கையை எடுத்து நைட்டியில் துடைத்துக்கொண்டாள். "ஒண்ணும் இல்ல. போதுமா? நான் போயி சோறு வடிக்கணும்."

"உன் டேபிள்ல இருந்த கோடும் மொதல்ல விரலுக்குத் தெரியலன்னுதான சொன்ன?"

வாசல் வரை போன ஃப்ளோரா நின்றாள். "ஆமா. நகம் பட்டப்பறம்தான் பேந்து வந்துது. ஏன், அதுக்கும் இதுக்கும் இன்னா?"

கண்மணி கல்லின் பக்கம் திரும்பினாள். அறையின் மூலையில், பழைய தையல் மிஷின் மேசை மேல் அந்தக் கருங்கல் பலகை கிடந்தது. அளவு பார்ப்பதற்கென்றே கண்ணாடி போல் தேய்த்துச் சமன் செய்த கல். அவள் வேலை செய்யும் கம்பெனியில் ஓரம் உடைந்தது என்று தூக்கிப் போட்டதைக் கேட்டு வாங்கி, மாரிக்குப்பம் ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். குழந்தையா என்று கேட்ட டிக்கெட் பரிசோதகரிடம் ஆமாம் என்று சொன்னாள்.

பக்கத்து வீட்டு ஃப்ளோரா அன்று மத்தியானம் வந்தது தன் புது டேபிளுக்காக ஒப்பாரி வைக்கத்தான். கண்ணாடி போட்ட சாப்பாட்டு டேபிள். அதன் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு கோடு விழுந்துவிட்டது, துடைத்தாலும் போகவில்லை, எல்லாம் நேற்று அடித்த காற்றும் அந்த ஈரத்துணியும் பண்ணின வேலை என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். கேட்டுக்கொண்டிருந்த கண்மணியின் கையிலிருந்து காபி டம்ளர் நழுவியது.

சைனைட் மலைப் பக்கமிருந்து காற்று வந்தால் கேஜிஎஃப்பில் சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய இந்த லைன் வீடுகள் எல்லாம் ஒரே வேலையைத்தான் செய்யும். ஜன்னலை மூடுவார்கள். காப்பாற்ற வேண்டிய பொருள் எதுவோ அதன் மேல் துணியை நனைத்துப் பிழிந்து விரிப்பார்கள். தண்ணீர்க் குடம், டிவி, அரைத்து வைத்த மாவு. தங்கம் எடுத்த பிறகு மிஞ்சிய மண்ணைக் கொட்டிக் கொட்டி மலையாக்கி வைத்தவர்கள் போய்விட்டார்கள். மலை மட்டும் பங்குனிக் காற்றில் மெல்ல நடந்து வீட்டுக்குள் வந்துகொண்டேயிருந்தது. மைதாவை விட மெல்லிய தூசி. உலர்ந்த துணியால் துடைத்தால் மேலே எழும்பி மூக்குக்குள் போகும். ஈரத்துணிக்குத்தான் அடங்கும்.

நேற்றும் கண்மணி அதைத்தான் செய்தாள். ஒரு பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து, மடிப்பு முழுதும் பிரியாமலே கல் மேல் போட்டாள். கம்பெனியின் அளவு பார்க்கும் அறையில் யாராவது ஈரத்துணியோடு ஒரு கல்லை நெருங்கினால் கத்திக் கூப்பாடு போடுகிறவள் அவள். வீட்டில் அவள் கை இந்த ஊர்க் கையாகிவிட்டது. யோசிக்காமல் நனைத்தது, யோசிக்காமல் விரித்தது. மடிப்பு கல்லின் நட்டநடுவே விழுந்தது. தூசி மடிப்பில் சேர்ந்து, ஈரம் அதைக் கீழே கசியவிட்டு, சாயங்காலத்துக்குள் காய்ந்துவிட்டது. கல்லும் சாம்பல், தூசியும் சாம்பல். அவள் துணியை எடுத்து, உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்து, சுத்தமாக இருக்கிறது என்று நினைத்தாள்.

பிறகு அந்தக் கல்லின் மேல், கணவன் வேந்தனுக்காகத் தான் செய்த கேஜ் என்ற உயரம் அளக்கும் கருவியை வைத்து அதன் பூஜ்யத்தைப் பூட்டினாள்.

"ஃப்ளோரா, இரு. போவாத. உன் போன் டார்ச்ச போடு."

கண்மணி தன் எஃகு ஸ்கேலை எடுத்து, அதன் விளிம்பு கல்லில் படும்படி குறுக்கே நிறுத்தினாள். ஃப்ளோரா பின்பக்கமிருந்து வெளிச்சம் அடித்தாள். இருவரும் குனிந்து, கல்லோடு கன்னம் ஒட்டும் அளவுக்குத் தலையைத் தாழ்த்திப் பார்த்தார்கள்.

ஸ்கேலுக்கும் கல்லுக்கும் நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது. இடது பக்கம் மெல்லிய வெள்ளி இழை போல் தெரிந்தது. வலது பக்கமும் தெரிந்தது. நடுவில் இருட்டு.

கண்மணி ஸ்கேலின் ஒரு முனையை லேசாக அழுத்தினாள். மறுமுனை எழுந்தது. பூங்காவில் குழந்தைகள் ஏறி விளையாடும் பலகை போல அது ஆடியது.

"நடுவுல இன்னாமோ கீதுடி," என்றாள் ஃப்ளோரா, குரல் இறங்கி.

நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து, ஸ்கேலைச் சமமாகப் பிடித்தபடி இடது பக்கத்து வெளிச்சத்தில் செருகினாள் கண்மணி. தாள் நுழைந்தது. இன்னொன்றைச் சேர்த்தாள். அதுவும் தடையில்லாமல் நுழைந்தது. மூன்றாவது மாட்டிக்கொண்டது.

"ரெண்டு தாள்," என்றாள். தன் குரல் வேறு யாரோ பேசுவது போல் அவளுக்குக் கேட்டது.

"ரெண்டு தாளுக்கா மூஞ்சி இப்படி வெளுத்துப்போச்சு?"

"அவரு காலையில கேஜ எடுத்துட்டுப் போயிட்டாரு, ஃப்ளோரா. நாளைக்குப் போட்டி. எல்லா மெஷினையும் அதுலதான் செட் பண்ணியிருப்பாரு."

வேந்தன் பெங்களூருக்கு வெளியே ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல்வெட்டும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறான். மைதானத்தில் மற்ற இடமெல்லாம் எப்படியோ போகட்டும், குழி இருக்கும் திடல்களை மட்டும் தரைவிரிப்பு போல் வைத்திருக்க வேண்டும். க்ரீன் என்பார்கள். அங்கே புல் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போனால் பந்து தயங்கும். கீழே போனால் இலை போய்த் தண்டு தெரியும். அந்தப் புல் பிறகு பச்சையாகாது. வெயிலில் வெள்ளையாகி, பழுப்பாகி, செத்துவிடும். போட்டிக்காக இந்த முறை சரியாக மூன்றில் நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். அதற்குக் கீழே ஒரு தாளின் இடம்கூட இல்லை என்று வேந்தன் நேற்றுச் சோறு தின்றுகொண்டே சொன்னான்.

முன்பெல்லாம் அவன் இயந்திரத்தைச் சாய்த்துப் போட்டு, கீழே படுத்து, சுழலும் கத்திகளுக்கு அடியில் அசையாமல் இருக்கும் அடிக்கத்தியை ஸ்கேல் வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்துத் திருகுவான். ஒவ்வொரு இயந்திரமும் ஒவ்வொரு அளவில் வெட்டும். அவன் கைபேசியில் எடுத்து வந்த வீடியோவைப் பார்த்துத்தான் கண்மணி ஆரம்பித்தாள். முன் ரோலரையும் பின் ரோலரையும் தொட்டுக்கொண்டு கிடக்கும் ஒரு நேர்க் கம்பி. அதன் நடுவே ஒரு டயல். டயலின் அடியில் நீளும் முள் அடிக்கத்தியின் உதட்டைத் தொட்டால், தரையிலிருந்து கத்தி எவ்வளவு உயரம் என்று முகத்தில் சொல்லிவிடும். கேட்க எளிது. முதலில் செய்த அலுமினியக் கம்பி காலையில் ஒன்று சொன்னது, வெயிலில் ஒன்று சொன்னது. எஃகுக்கு மாறினாள். முள் கத்தியின் உதட்டிலிருந்து வழுக்கியது. முள்ளின் நுனியில் ஒரு கொக்கி வைத்தாள். கொக்கி தேய்ந்தது. வேந்தன் சனிக்கிழமை அதைக் கொண்டுவந்து கொடுக்க, புதிய கொக்கியைப் போட்டாள். கொக்கி மாறினால் பூஜ்யமும் மாறும். கல்லின் மேல் வைத்து மறுபடி பூஜ்யம் பிடித்து, வழியில் யாரும் திருப்பிவிடக் கூடாது என்று டயலின் விளிம்பில் சிவப்பு நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்து இறுக்கினாள்.

கம்பியின் இரண்டு முனைகளும் சுத்தமான கல்லில் உட்கார்ந்திருந்தன. முள் மட்டும் மடிப்புக் கோட்டின் மேல் ஏறி நின்றிருந்தது. அந்த உயரத்துக்குத்தான் அவள் பூஜ்யம் என்று பெயர் வைத்தாள். இனி அது மூன்று என்று சொல்லும் இடத்தில் கத்தி மூன்றில் இருக்காது. இரண்டு தாள் கீழே இருக்கும்.

வேந்தன் போனை எடுக்கவில்லை. மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தாள். இயந்திரம் ஓட்டும்போது போனை ஷெட்டு அலமாரியில் பூட்டி வைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அவளுக்கு அது தெரியும். தெரிந்தும் அடித்துக்கொண்டேயிருந்தாள்.

"புல்லுதானடி," என்றாள் ஃப்ளோரா. "ஆடு மாடு துன்னா மொளைக்கலையா? நம்ம தலைமுடியே மொளைக்குது."

"அது மொளைக்காது."

"சரி, மொளைக்கலன்னா திட்டுவாங்க. திட்டு வாங்காத வேலை ஏது?"

கண்மணி வாசலைப் பார்த்தாள். அங்கே வேந்தனின் பழைய செருப்பு கிடந்தது.

முந்தைய கம்பெனியை மூடியபோது வேந்தன் நெடுநாள் வீட்டில் இருந்தான். காலையில் சவரம் செய்வான், சட்டையை மடிப்புக் கலையாமல் போடுவான், கிளம்பிவிடுவான். வேலை தேடப் போகிறான் என்றுதான் நினைத்தாள். சாயங்காலம் செருப்பில் ஒரு வெள்ளைத் தூசி இருக்கும். ஒருநாள் பின்னாலேயே போனாள். நந்திதுர்க் பகுதியைத் தாண்டி, மூடிப்போன சுரங்கத்தின் வேலி பிய்ந்த இடத்தில் அவன் உட்கார்ந்திருந்தான். பழைய ஷாஃப்ட் குழியின் வாய்க்குள் ஒவ்வொரு கல்லாகப் போட்டுவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னா பண்ணிக்கினு கீற?" என்று கேட்டாள்.

"அடியில தண்ணி கீதாம். சத்தம் வருதான்னு பாக்கறேன்."

"வருதா?"

"இன்னும் இல்ல," என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் மறக்க முடியவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தன் காலடியில் நிலம் மெல்லிய அப்பளம் போலவும், அதற்குக் கீழே கறுப்புத் தண்ணீர் நிறைந்த தெருக்கள் போலவும் அவளுக்குத் தோன்றிக்கொண்டேயிருந்தது. அன்றிலிருந்து தினமும் அவன் செருப்பைப் பார்த்தாள். மைதானத்தில் வேலை கிடைத்த பிறகு அதில் வெட்டின புல்தான் ஒட்டியிருந்தது. பச்சையைப் பார்த்த பிறகுதான் அவளுக்குச் சோறு இறங்கும்.

இந்த வேலையும் போனால் அவன் எங்கே போவான் என்று அவளுக்குத் தெரியும்.

"அவசரம்னு சொல்லிக் கூப்பிடு," என்றாள் ஃப்ளோரா. "மாமியாருக்கு நெஞ்சு வலின்னு சொல்லு. மனுசன் மெஷின வுட்டுட்டு ஓடியாந்துருவான்."

"எங்க மாமியார் செத்துப் போயி ரெண்டு வருசமாச்சு. நீதான வந்து அழுத."

"அய்யய்யோ, ஆமா. அப்ப எனக்கு வலின்னு சொல்லு. இல்ல, உங்க அஞ்சு சீலத்துல பொய் ஆவாதோ? வாரா வாரம் புத்த சங்கத்துல உக்காந்து சொல்றீங்களே."

"பொய் சொல்லிடுவேன். சீலம் கெடந்து போவுது. ஆனா அவரு எறங்கி வந்தா எரிக் ஏறி உக்காருவான். எல்லா மெஷினும் அதே அளவுலதான் கீது. ஒருத்தர நிறுத்தி இன்னா ஆவப் போவுது?"

எரிக் வேந்தனோடு வேலை பார்ப்பவன். அவன் எண்ணை எடுத்து அடித்தாள். எடுக்க மாட்டான் என்று நினைத்திருந்தபோது எடுத்தான்.

"அண்ணி, சொல்லுங்க. சீக்கிரம். டீசல் போட ஷெட்டுக்கு வந்தேன், போனோட பாத்தா மேக்ஸ்வெல் சார் தோல உரிச்சுருவாரு."

"எரிக், வெட்ட ஆரம்பிச்சுட்டீங்களா?"

"ஆரம்பிச்சாச்சு அண்ணி. எனக்கு மொத க்ரீன் முடிஞ்சுது. அண்ணன் அந்தக் கடைசியில கீறாரு, ஏரிக்குப் பக்கம்."

"நீ வெட்டினது எப்படி கீது? பச்சையாத்தான கீது?"

எரிக்கின் பக்கம் எங்கோ ஒரு மயில் கூவியது.

"பச்சைதான் அண்ணி. அங்கங்க கொஞ்சம் வெளுப்பா தெரியுது. மேடா கீற எடத்துல. வெயில் சாஞ்சுதில்ல, அதனால இருக்கும்."

கண்மணி சுவரில் சாய்ந்துகொண்டாள். "எரிக், உன் கண்ணுக்கு அது வெயில் மாதிரியா தெரியுது?"

"கண்ண நம்பாதன்னுதான அண்ணன் சொல்றாரு. 'கேஜு மூணு காட்டுது, அப்பறம் இன்னாடா கண்ணு'ன்னு காலையிலகூட திட்டினாரு. அண்ணன் செஞ்ச கேஜு, அவருக்குத் தெரியாதா?"

"நிறுத்திடு, எரிக். ஓடிப்போயி அவரையும் நிறுத்தச் சொல்லு."

"என்னா அண்ணி வெளையாடுறீங்க? நான் அந்தக் கோடிக்கு ஓடறதுக்குள்ள அவரு ரெண்டு மூணு முடிச்சுருவாரு. சார் சொல்லாம நான் நிறுத்தினா நாளைக்கு நான் உங்க ஊர்ல ஆட்டோ ஓட்டணும். வாக்கி டாக்கி சார்கிட்டதான் கீது. அவரு ஒரு வார்த்தை சொன்னா எல்லாம் நிக்கும். அவரக் கேளுங்க." யாரோ அவனைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. இணைப்பு அறுந்தது.

அண்ணன் செஞ்ச கேஜு.

அதுதான் அவளைத் தடுத்தது. மைதானத்தின் பொறுப்பாளர் மேக்ஸ்வெல் முதல்முறை அந்தக் கருவியைக் கையில் எடுத்துப் பார்த்து, யார் செய்தது என்று கேட்டபோது, வேந்தனின் வாய் நான்தான் சார் என்று சொல்லிவிட்டது. அன்று இரவே அவன் தலையைக் குனிந்துகொண்டு கண்மணியிடம் சொன்னான். அவள் சிரித்தாள். போகட்டும், வீட்டுக்குள்ளதான கீது என்றாள். அதன் பிறகு அவன் நிமிர்ந்து நடந்தான். மேக்ஸ்வெல் கமிட்டிக்காரர்கள் நடுவே அவனை நிறுத்தி, வெளிநாட்டிலிருந்து வரவழைக்க இருந்த கருவி இனி வேண்டாம், இவன் செய்திருக்கிறான் என்றாராம். போட்டி முடிந்ததும் அவன் வேலையை நிரந்தரமாக்குவதாகவும் சொன்னாராம். அதை வேந்தன் வீட்டில் நடித்தே காட்டினான், மேக்ஸ்வெல் போலத் தொப்பையைத் தள்ளிக்கொண்டு.

இப்போது மேக்ஸ்வெல்லைக் கூப்பிட்டால், அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். கூப்பிடாவிட்டால், நாளைக் காலையில் அத்தனை பேர் முன்னால் திடல்கள் வெள்ளையாகக் கிடக்கும். கருவி செய்தவன் யார் என்று தேட வேண்டியிருக்காது.

"வுட்டுடேன்," என்றாள் ஃப்ளோரா மெதுவாக. அவள் இப்போது சிரிக்கவில்லை. "ஒருவேள வெயில்தானோ என்னமோ. நீ ரெண்டு தாளுன்னு சொல்றது சரின்னு எப்படித் தெரியும்? முள்ளு அந்தக் கோட்டு மேலதான் நின்னுச்சுன்னு பாத்தியா?"

பார்க்கவில்லை. அதுதான் பயம். கருவி அங்கே இருந்தது, கல் இங்கே இருந்தது. முள் ஒரு நூல் தள்ளி நின்றிருந்தால் எல்லாம் சரி. அவள் வாய் திறந்து ஒன்றுமில்லாததற்காக அவனைக் காட்டிக்கொடுத்தவளாகிவிடுவாள். கல்லை மறுபடி பார்த்தாள். சும்மா இருந்தது. ஒரு பாவமும் அறியாத முகம். அவள் குனிந்து, முகம் கல்லில் படும்படி வைத்து, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்தாள். மடிப்புக் கோட்டின் நடுவே ஒரு புள்ளி இருந்தது. எறும்பின் கண் அளவு. காய்ந்த தூசியில் எதுவோ ஒரு கூர்முனை அழுந்தி எழுந்த குழி.

புதிய கொக்கி.

ஃப்ளோரா போனை வாங்கி, அவசரத்துக்கென்று வேந்தன் அதில் பதிந்து வைத்திருந்த மேக்ஸ்வெல்லின் எண்ணைத் தேடித் தந்தாள். கண்மணி அதை அழுத்தினாள். வெளியே தெருவில் யாரோ துணி உதறினார்கள்.

"ஹலோ? யாரு, வேந்தன் மிஸஸா? சொல்லும்மா." மேக்ஸ்வெல்லின் குரலுக்குப் பின்னால் கோப்பைகளின் சத்தமும் ஆண்களின் சிரிப்பும் கேட்டன. "இப்பதான் உன் ஹஸ்பண்ட் பத்தி பேசினு இருந்தோம். கமிட்டில எல்லாரும் இங்கதான் இருக்காங்க."

"சார், எல்லா மெஷினையும் நிறுத்தச் சொல்லுங்க சார்."

"என்னம்மா?"

"நிறுத்தச் சொல்லுங்க. வாக்கி டாக்கில. இப்பவே. அளவு தப்பு சார். மூணு இல்ல. அதுக்கும் கீழ வெட்டுது. எரிக் வெட்டின க்ரீன போயி பாருங்க, மேடான எடத்துல வெளுத்திருக்கும்."

சிரிப்புச் சத்தம் தூரமானது. அவர் எழுந்து வெளியே நடக்கிறார் என்று தெரிந்தது. ஒரு கதவு மூடியது. பிறகு புல்வெட்டும் இயந்திரத்தின் உறுமல், தொலைவில், விடாமல்.

"உனக்கு எப்படிம்மா தெரியும்? நீ கேஜிஎஃப்ல தான இருக்க?"

ஃப்ளோரா அவள் தோளைப் பிடித்திருந்தாள். அந்தக் கையின் கனம் மட்டும்தான் தரையில் நிற்பதாகக் கண்மணிக்கு நினைவூட்டியது.

"அத செஞ்சது நான்தான் சார். அவரு இல்ல. பூஜ்யம் வெச்சது நான். கல்லு சுத்தமா இல்ல, நான் பாக்கல. தப்பு எல்லாம் என்னோடது. அவரு கேஜ நம்பினாரு, அவ்ளோதான்."

அந்தப் பக்கம் வாக்கி டாக்கி கரகரத்தது. அதன் பின்னால் இயந்திரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றா இரண்டா என்று அவளுக்குப் பிரித்துக் கேட்க முடியவில்லை.

"சார்? திட்டறத நாளைக்குத் திட்டுங்க. போலீஸ்ல வேணா குடுங்க, நான் வரேன். ஒண்ணே ஒண்ணு சார். அவர இன்னிக்கு வீட்டுக்குத் தனியா அனுப்பாதீங்க. ரயில்ல கூட வந்து, வாசல்ல விட்டுட்டுப் போற மாதிரி, எரிக்க அனுப்பறீங்களா சார்?"